நிறம் கூடியதா, ரத்தம் குறைந்ததா?



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை, தணிக்கை என்று எல்லாம் பேசி முடித்து, டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தபோது ஒரு பேச்சு வந்தது. அது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பஸ்ஸை விட்டவர்கள்கூட உண்டு. அந்தப் பேச்சை எல்லாக் குழுக்களுக்கும் கொண்டு போக வேண்டும் என்று எல்லோரும் சொன்னதால் இந்த இதழில் எழுதுகிறோம்.

நம் உறுப்பினர் ஒருவருடைய மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பெயர் வேண்டாம், நம் எல்லார் வீட்டுப் பிள்ளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் நல்ல கபடி ஆட்டக்காரி. போன வருஷம் வட்டார அளவில் பரிசு வாங்கினாள். இந்த வருஷம் கொஞ்ச நாளாக அவளைப் பார்த்தவர்கள் எல்லாம், "என்னடி, நிறம் வந்துட்ட மாதிரி இருக்கே, என்ன கிரீம் போடற?" என்று கேட்டிருக்கிறார்கள். நம்மில் சிலரும் கேட்டோம். அவளும் ஒரு கிரீம் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். கிரீம் வேலை செய்யுது என்று அம்மாவுக்கும் சந்தோஷம், பிள்ளைக்கும் சந்தோஷம்.

அப்புறம் ஒரு நாள் சாயந்தரம், பயிற்சியின்போது பாடிப் போனவள் கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது அப்படியே கண் இருட்டி விழுந்துவிட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.2. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. டாக்டரம்மா அவள் கீழ் இமையை இழுத்துக் காட்டி, "பாருங்கம்மா, உள்ளே வெள்ளையா இருக்கு. உங்க பொண்ணு சிவப்பாகலை, வெளிறிப்போயிருக்கா" என்றாராம்.

இதைச் சொல்லும்போது அந்த அம்மா அழவில்லை. "ஆறு மாசமா நான் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரிச்சுப் போயிருந்தேன்" என்றுதான் சொன்னார். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தக் கிரீமுக்கும், "ஸ்டாமினாவுக்கு" என்று வாங்கிய சத்து பானப் பவுடருக்கும் பணம் போனது நம் குழு உள்கடனிலிருந்துதான். தீர்மானப் புத்தகத்தில் "மகள் படிப்புச் செலவு, ரூ. 2,000" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நாம்தான். அதனால் குறை சொல்வதென்றால் நம்மிடமிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

தோலுக்குக் கடைசிப் பந்தி

சாப்பாட்டுக்கும் தோலுக்கும், ஓடுவதற்கும் ஆடுவதற்கும் என்ன சம்பந்தம்? டாக்டரம்மா சொன்னதையும், நாம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறோம்.

ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினை நம் ஊர் மினி பஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சில் உள்ளே வரும் பிராணவாயுவை நெஞ்சுக்கூட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு, உடம்பு முழுக்கப் போய் இறக்கிவிடுவது அதன் வேலை. அந்த பஸ் செய்ய இரும்புச்சத்து வேண்டும், புரதச்சத்து வேண்டும், கீரை பருப்பில் இருக்கிற ஃபோலிக் அமிலமும், முட்டை பால் மீன் கறியில் இருக்கிற பி12 வைட்டமினும் வேண்டும். இதில் எது குறைந்தாலும் பஸ் குறையும். பஸ் குறைந்தால் என்ன செய்வார்கள்? முக்கியமான ஊருக்கு மட்டும் விடுவார்கள், ஒதுக்குப்புறத்து ஊருக்கு டிரிப்பை வெட்டுவார்கள். உடம்பும் அதையேதான் செய்கிறது. மூளைக்கும் இருதயத்துக்கும் முதலில் அனுப்பிவிட்டுத் தோலுக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கிறது. அதனால்தான் முகம் வெளிறுகிறது, உள்ளங்கை வெளுக்கிறது, கை கால் சில்லென்று இருக்கிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, நகம் மெலிந்து சில பேருக்குக் கரண்டி போலக் குழிகிறது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுகிற நம்மைப் போலத்தான் தோலும், கடைசிப் பந்தி!

அந்தப் பிள்ளைக்கு வேறு அடையாளங்களும் இருந்தன. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கடைவாய் இரண்டு பக்கமும் வெடித்திருந்தது. "பல்லி எச்சம் பட்டிருக்கும்" என்று பாட்டி சொன்னார். பி2 வைட்டமினோ இரும்புச்சத்தோ குறைந்தால் வருகிற வெடிப்பு அது, பல்லிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அரிசி களையும்போது ஒரு கைப்பிடி பச்சை அரிசியை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாளாம். இது நம்மில் எத்தனை பேருக்குப் பழக்கம்! அரிசி, பல்பம், சாம்பல், செம்மண், சுவர்க்காரை என்று தின்னத் தோன்றுவது பல சமயம் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. "பழக்கத்தை விடு" என்று திட்டிப் பிரயோஜனமில்லை. ரத்தம் ஏறினால் அந்த ஆசை தானாகக் குறைவதைப் பார்க்கலாம்.

ரத்தம் தவிர மற்றதும் தோலில் தெரியும். முழங்கை, முழங்கால், தொடைப் பக்கம் சின்னச் சின்ன முள் மாதிரி சொரசொரப்பாக, தேரைத் தோல் போல ஆகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். சோறு மட்டுமே சாப்பிட்டு, எண்ணெய்ச் சத்தும் ஏ, பி வைட்டமின்களும் போதாமல் வளர்கிற குழந்தைகளிடம் இது அதிகம். தேங்காய் எண்ணெய் தடவினால் மேலே மினுமினுக்கும், அவ்வளவுதான். குழம்பில் ஒரு கரண்டி எண்ணெய், முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை இவை உள்ளே போக வேண்டும். குண்டாகிவிடுவோம் என்று எண்ணெயையே தொடாத வயசுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். கீரையில் இருக்கிற ஏ சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவே கொஞ்சம் எண்ணெய் வேணும்.

பரு பற்றியும் கேட்டார்கள். பரு அந்த வயசில் உடம்புக்குள் நடக்கிற மாற்றத்தால் வருவது. வடை தின்றால்தான் வரும் என்பதில்லை. ஆனால் சர்க்கரை, மைதா, குளிர்பானம் என்று நாள் முழுக்கப் போனால் சில பேருக்குப் பரு கூடும். கடையில் வாங்குகிற வெளுக்கிற கிரீம்களில் ஜாக்கிரதை. தயாரிப்பாளர் பெயர்கூட ஒழுங்காக இல்லாத கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பது உண்டு. 2023இல் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதற்கு இப்படிப்பட்ட வெளுப்புக் கிரீம்தான் காரணம் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். தோல் டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதித்தருகிற ஸ்டீராய்டு களிம்பை, மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வருஷக் கணக்கில் முகத்தில் போடுவதும் தப்பு. தோல் மெலிந்து போகும்.

ஊருக்குச் சமைத்தவர் வீட்டில் பசி

இந்தப் பிள்ளை அப்படி என்னதான் சாப்பிட்டாள்? கூட்டத்தில் அந்த அம்மாவையே சொல்லச் சொன்னோம். அவர் சொல்லச் சொல்ல, நம் வீட்டுக் கதையையே கேட்கிற மாதிரி இருந்தது.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம் நமக்கு நன்றாகத் தெரியும். கிராமங்களில் சமைக்கும் பொறுப்பு நம்மைப் போன்ற குழுப் பெண்களுக்குத்தான் வந்தது. இந்த அம்மாவும் அப்படிச் சமைக்கப் போகிறவர். விடியக்காலை ஐந்தரைக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பி, உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாருமாக நூறு குழந்தைகளுக்குக் காலைச் சாப்பாடு போடுகிறார். அந்தத் திட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்று வந்தது. பத்தாவது படிக்கிற தன் மகள் ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு, இரண்டு பிஸ்கட்டோடு ஏழே காலுக்கு ஸ்பெஷல் கிளாஸுக்கு ஓடுகிறாள்.

மதியம்? பள்ளிக்கூடத்தில் சத்துணவு இருக்கிறது, பத்தாவது வரைக்கும் உண்டு, முட்டையும் உண்டு. ஆனால் எட்டாவது தாண்டியதும் பெண் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வெட்கப்படுகிறார்கள். "சத்துணவு சாப்பிடற பிள்ளை" என்று கிண்டல் செய்வார்களாம். அதனால் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறோ புளிச் சோறோ, தொட்டுக்க ஊறுகாய். சாயந்தரம் அந்த வயிற்றோடு ஒன்றரை மணி நேரம் கபடி. ராத்திரி சோறும் ரசமும். ஒரு நாளைக்கு ஒரு முட்டை வீட்டில் வாங்கினால் அது தம்பிக்கு. இதை அந்த அம்மா சொன்னபோது இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தோம்.

தண்ணீரும் குடிப்பதில்லை. பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல், காலையிலிருந்து நாலரை மணி வரைக்கும் இரண்டு மடக்குத் தண்ணீரோடு ஓட்டுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். உதடு வெடிப்பது, தலைவலி, நீர்க்கடுப்பு, ஆடும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது என்று அதுக்கும் பலன் கைமேல் வருகிறது. இது சாப்பாட்டுப் பிரச்சனை மட்டும் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் கழிப்பறை பற்றிக் கேட்பதும் சத்துணவு பற்றிக் கேட்பதும் ஒன்றுதான்.

"இது இவங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை" என்று நம் பிரதிநிதி ஒருவர் சொன்னார். உண்மைதான். 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிற ஒரு குழுவில் ஐந்தாறு பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குன்னூர் எலிகள்

சோறு தின்றால் பலம் வராதா என்று ஒரு பாட்டி கேட்டார். நல்ல கேள்வி. இதற்கு நூறு வருஷத்துக்கு முன்னால் நம் நீலகிரி மாவட்டம் குன்னூரிலேயே பதில் தேடினார்கள். ராபர்ட் மெக்காரிசன் என்று ஒரு டாக்டர் 1918இல் அங்கே சாப்பாட்டு ஆராய்ச்சியைத் தொடங்கினார். (இன்று ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.) அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவில் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி என்று பஞ்சாப் சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசிச் சோறும் கொஞ்சம் போலப் பருப்பு, காய்கறியும் என்று அந்தக் காலத்து மதராஸ் சாப்பாட்டைத் தின்ற எலிகள் எல்லாவற்றிலும் மெலிந்து கிடந்தன. எலி எல்லாம் ஒரே ஜாதி எலிதான், தட்டுதான் வேறு.

இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து சப்பாத்தி போட வேண்டியதில்லை. அரிசி மேல் குற்றமில்லை. வெறும் அரிசிதான் குற்றம். தீட்டத் தீட்ட தவிட்டோடு பி1 வைட்டமின் போய்விடுகிறது. சோற்றை உடம்பு சக்தியாக மாற்றுவதற்கே அந்த பி1 வேண்டும். அது ரொம்பக் குறைந்தால் கால் மரத்து, நடக்க முடியாமல் போகிற பெரிபெரி என்கிற நோய் வரும். குன்னூரில் ஆராய்ச்சி ஆரம்பித்ததே அந்த நோய்க்காகத்தான். நாம் அரிசியை ஐந்தாறு தண்ணீர் கசக்கிக் களைந்து, வடிகஞ்சியையும் கொட்டுகிறோமே, அதில் மிச்சம் மீதியும் போகிறது. புழுங்கல் அரிசியில் பச்சரிசியைவிட இந்தச் சத்து அதிகம் தங்கும். களைவது இரண்டு தண்ணீர் போதும்.

களைகிற பேச்சு வந்ததால் ஒன்று. ரேஷன் அரிசியில் செறிவூட்டிய அரிசி கலந்து வந்தபோது நாம் என்ன செய்தோம் என்று நினைவிருக்கிறதா? நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம், இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12ம் சேர்த்த அரிசி மணியைக் கலந்து கொடுத்தார்கள். தண்ணீரில் போட்டால் அது மிதந்தது. "பிளாஸ்டிக் அரிசி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி. நாம் உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி வாசலில் எறிந்தோம்! கோழி தின்றது. இரும்புச்சத்து மாத்திரையைக் கோழிக்குக் கொடுத்த கதைதான்.

டப்பாவா, முட்டையா?

அந்தப் பிள்ளைக்கு வாங்கிய சத்து பான டப்பா 300 ரூபாய். பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் தானிய மாவுக்கு அடுத்தபடி சர்க்கரை. 2024 ஏப்ரலில் மத்திய அரசே, ஆன்லைன் கடைகளில் இப்படிப்பட்ட பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பில் போட்டு விற்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதே 300 ரூபாய்க்கு முட்டை நாற்பது வாங்கலாம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். தம்பிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று கொடுத்தாலும் இருபது நாளைக்கு வரும்.

இரும்புச்சத்துக்குப் பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் என்று எல்லாரும் சொல்கிறோம். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஆகிவிடாது, அதில் இரும்புச்சத்து கொஞ்சம்தான். பேரீச்சம்பழம் நல்லதுதான், ஆனால் நாளுக்கு இரண்டு பழத்தில் நடக்கிற காரியம் இல்லை. பதின்வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். தீட்டிய அரிசி நூறு கிராமில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. கேழ்வரகில் நாலரை, கம்பில் ஆறு என்று இருக்கிறது. கேழ்வரகில் எலும்புக்கு வேண்டிய கால்சியம் அரிசியைவிடப் பல மடங்கு. கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரலும், நம் ஆயா காலத்திலிருந்து பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சுவரொட்டியும் முதல் தரம். விலங்கிலிருந்து வருகிற இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். மாதம் இரண்டு தடவை வாங்க முடிந்தாலும் நல்லது. நெத்திலிக் கருவாடு, சின்ன மீன், ரத்தப் பொரியல் எல்லாம் சேரும்.

கறி சாப்பிடாதவர்கள் பயப்பட வேண்டாம். கீரை, பயறு, கம்பில் இருக்கிற சத்து கொஞ்சம் பிகு பண்ணும், துணைக்கு ஆள் கேட்கும். அந்தத் துணை எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி. கீரைக் கடைசலோடு அரை நெல்லிக்காய், பயறு சுண்டலில் எலுமிச்சை பிழிந்தது என்று சேர்த்தால் சத்து அதிகம் ஏறும். கம்மங்கூழை ஒரு ராத்திரி புளிக்க வைக்கிறார்களே, பயறை முளை கட்டுகிறார்களே, அதுவும் இதுக்குத்தான் உதவுகிறது. விரோதி யார் தெரியுமா? டீ. சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீயும் காபியும் அந்த இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. டீயை விடச் சொன்னால் நம் கூட்டத்தில் கலவரம் வரும். அதனால் விட வேண்டாம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ தள்ளி வையுங்கள்.

ஆனால் எட்டுக்கு இறங்கிய ரத்தத்தைக் கீரையால் மட்டும் ஏற்ற முடியாது. மாத்திரை வேண்டும். பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கிற நீல நிற மாத்திரை வராமல் தடுக்க. வந்த பிறகு டாக்டர் சொல்கிற அளவில் தினமும் சாப்பிட வேண்டும். அந்தப் பிள்ளை நீல மாத்திரையை எல்லாம் புத்தகப் பையில் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாளாம், வயிற்றைப் புரட்டுகிறது என்று! வெறும் வயிற்றில் போட்டால் புரட்டத்தான் செய்யும். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டியதில்லை. கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடக்கூடாது. வருஷத்துக்கு இரண்டு தடவை கொடுக்கிற பூச்சி மாத்திரையையும் விடாதீர்கள். செருப்பில்லாமல் காட்டுக்குப் போய் வருகிறபோது பாதம் வழியாக ஏறுகிற கொக்கிப்புழு, குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாம் ஊற்ற ஊற்ற ஓட்டைக் குடம் மாதிரிதான். மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் நீண்டாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அதுவும் இருந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஆடப் போகிற பிள்ளைக்கு

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில், சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் ஆடினார். அதைப் பார்த்த பிறகு நம் ஊர்ப் பிள்ளைகளும் கோடு கிழித்து ஆடுகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆடப் போகிற பிள்ளையின் தட்டு மட்டும் பழைய தட்டாகவே இருந்தால் எப்படி?

கபடியில் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு எதிர்க் கோட்டைக்குள் முப்பது நொடி நிற்க வேண்டும். ரத்தத்தில் பஸ் குறைவாக இருந்தால் அந்த மூச்சு பாதியில் தீரும், இருதயம் படபடவென்று இரண்டு மடங்கு வேலை செய்யும். பி.இ.டி. டீச்சர் "சோம்பேறி" என்பார், பிள்ளையும் தனக்குத் திறமை இல்லை என்று நம்பிவிடும். அதுதான் எங்களுக்குப் பெரிய வருத்தம். எத்தனை பிள்ளைகள் அப்படி ஆட்டத்தை விட்டுப் போயிருப்பார்கள்!

விசேஷ உணவு எதுவும் வேண்டாம். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் வயிறார ஒரு சாப்பாடு. ஒரு மணி நேரம் முன்னால் பசித்தால் ஒரு வாழைப்பழம். வெயிலில் ஆடும்போது நடு நடுவே தண்ணீர், வேர்வை கொட்டினால் உப்புப் போட்ட நீர்மோர். ஆடி முடித்து வீட்டுக்கு வந்ததும் ராத்திரிச் சோறு வரை காக்க வைக்காமல் ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ, வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடியோ. நிலக்கடலை நூறு கிராமில் 25 கிராம் புரதம் இருக்கிறது. நம் காட்டில் விளைவதை வியாபாரிக்குப் போட்டுவிட்டு டப்பா வாங்கி வருகிறோம்! ரேஷனில் வாங்குகிற துவரம்பருப்பை ஆடுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் கெட்டியாக வேக வைத்துப் போடுங்கள். சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நிறைய ஓடி ஆடி, சாப்பாடு போதாமல் போகிற பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய் நின்றே போவது உண்டு. "தொல்லை விட்டது" என்று பிள்ளை நினைக்கும். உடம்பு தன் செலவைச் சுருக்குகிறது என்று அர்த்தம். எலும்பும் பலம் குறையும். மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

என்ன முடிவு செய்தோம்

கூட்டத்தில் மூன்று தீர்மானம் போட்டோம். ஒவ்வொரு குழுவும் ஒரு மாதக் கூட்டத்தைக் கிராம சுகாதார செவிலியர் வருகிற நாளில் வைத்துக்கொண்டு, உறுப்பினர்களும் அவரவர் பெண் பிள்ளைகளும் ரத்தம் பார்த்துக்கொள்வது. 12க்குக் கீழே இருப்பவர்கள் பெயரை மட்டும் ஊக்குநர் தனி நோட்டில் குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வது. ஊர் முழுக்கத் தண்டோரா போடக் கூடாது, கல்யாணப் பேச்சு நடக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளி இருக்கிற ஊர்க் குழுக்கள் பெற்றோர் கூட்டத்துக்குப் போய்ச் சத்துணவு, கழிப்பறை இரண்டையும் பேசுவது. மூன்றாவது, காலையில் சமைக்கப் போகிற உறுப்பினர்களின் வீட்டுப் பிள்ளைக்கு, முந்தின ராத்திரியே ஊறவைத்த பயறோ புளித்த கூழோ எடுத்துச் சாப்பிடும்படி வைத்துவிட்டுப் போவது. இதைத் தீர்மானமாக எழுத வேண்டுமா என்று சிரித்தார்கள். எழுதினால்தான் நாம் செய்வோம் என்று எழுதியே வைத்தோம்.

கிரீமுக்குக் கடன் கொடுக்கலாமா கூடாதா என்று பெரிய சண்டை. "என் சேமிப்பு, என் கடன், என்ன வாங்கினா உங்களுக்கு என்ன?" என்று ஒரு தங்கை கேட்டது நியாயம்தான். அதனால் தடை எதுவும் போடவில்லை. காரணத்தை மட்டும் உள்ளபடி எழுதுவது என்று பேசிக்கொண்டோம்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது மூன்று மாத மாத்திரை முடிந்து ரத்தம் 10.9 வந்திருக்கிறது. இன்னும் சாப்பிட வேண்டும். இந்த வருஷ வட்டாரப் போட்டிக்கு அவளை எடுக்கவில்லை, அதில் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாளாம். இப்போது மறுபடி பயிற்சிக்குப் போகிறாள், சத்துணவுத் தட்டோடு இன்னும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு. கடைவாய் வெடிப்பு ஆறிவிட்டது. பச்சை அரிசி தின்பதும் நின்றுவிட்டது. பாட்டிக்கு மட்டும்தான் வருத்தம். "அந்த டாக்டர்கிட்ட போனதுல இருந்து புள்ள பழையபடி கறுத்துப் போச்சே" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.